நெய்தலின் உணாவும் மருதத்தின் நெல்லும்: வேதாரண்யக் கடற்கரையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

நெய்தல் நிலத்தாரின் உணவு மீன் என்பது பரவலாகக் கொள்ளப்பட்டுவரும் கருத்து. தொல்காப்பிய உரையாசிரியர்கள் மீனை அன்றி, மீனையும் உப்பையும் விற்றுப் பெற்றதையே அந்நிலத்தின் உணாவாகக் காட்டினர். இவ்வேறுபாட்டைச் சங்கப் பாடல்களின் துணையுடன் விளக்கி, வேதாரண்யக் கடற்கரையின் வேளாண்மை, மீன்பிடி, உப்பு விளைச்சல், உள்ளூர் உணவு ஆகியவற்றோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: நெய்தல், மருதம், உணா, நொடை, மாறுதல், உப்பளம், கருவாடு, வேதாரண்யம்.

முன்னுரை

கடற்கரை உணவு குறித்த களஆய்விற்கென இக்கட்டுரையாளர் முதலில் அணியப்படுத்திய வினாநிரலில் தொடக்க வினா, வீட்டில் எந்தெந்த மீனைச் சமைப்பீர்கள் என்பதாக இருந்தது. வேதாரண்யம் வட்டத்துக் கடலோர ஊர்களில் வயது முதிர்ந்த மகளிரிடம் அதனைக் கேட்டபோது, விடைகள் பெரும்பாலும் மீனில் தொடங்கவில்லை. அந்த ஆண்டு நெல் எப்படி இருந்தது, எந்த ஊர்க் களத்திற்குக் கருவாடு கொண்டுபோனார்கள், எத்தனை மரக்கால் கிடைத்தது என்பனவே முதலில் வந்தன. வினாநிரலின்படி இவை பொருந்தா விடைகள், தொகுப்பிலிருந்து நீக்கவேண்டியவை. நீக்குவதற்குமுன் உரைகளை மீண்டும் புரட்டியபோதுதான் பிழை விடையில் இல்லை, வினாவில் இருந்தது எனத் தெரிந்தது.

உரைமரபில் நெய்தலின் உணா

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருளை வகுக்குமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணாவை வைக்கிறது. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய உணவு யாது என்பதை நூற்பா கூறவில்லை. அதனை உரையாசிரியர்களே விரித்தனர். குறிஞ்சிக்குத் தினை முதலியன, மருதத்திற்குச் செந்நெல்லும் வெண்ணெல்லும் என்று விளைபொருளைச் சொல்லிவந்த நச்சினார்க்கினியர், நெய்தலுக்கு வரும்போது ‘மீன்விலை’, ‘உப்புவிலை’ என்னும் இரண்டைச் சொல்கிறார். விளைபொருளுக்கு மாறாக விலை உணவாகிறது. இங்கு விலை என்பது விற்றுப் பெற்ற பொருள். கடலில் பிடிபட்டதும் கழியில் விளைந்ததும் வேறொன்றாக மாறிய பின்னரே அந்நிலத்தில் சோறு உண்டாகிறது.

இது தற்செயலாக அமைந்த சொல்லாட்சி அன்று. அவ்வுரையில் நெய்தலின் பிற கருப்பொருள்களையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். நெய்தலுக்குரிய விலங்காகக் காட்டப்படுவது உமணர் வண்டியில் பூட்டிய பகடு. கடற்கரையில் திரியும் விலங்கு எதுவுமன்றி, உப்பை உள்நாட்டிற்கு இழுத்துச் செல்லும் எருதே அந்நிலத்தின் ‘மா’ ஆகிறது. தொழிலைக் கூறும்போதும் மீன் படுத்தல், உப்பு விளைத்தல் என்பவற்றோடு நில்லாமல் அவற்றை விற்றலும் சேர்க்கப்படுகிறது. நீர்நிலையாக மணற்கிணறும் உவர்க்குழியும் சுட்டப்படுகின்றன. இவற்றை ஒருசேர நோக்கினால், உரையாசிரியர் கண்ட நெய்தல் தன்னளவில் நிறைவுபெற்ற ஒரு நிலம் அன்று. உள்நாட்டை நோக்கிய ஒரு வழியைத் தன்னகத்தே கொண்ட நிலம்.

பிற்காலப் பாடநூல் அட்டவணைகளில் இச்செய்தி ‘மீன், உப்புக்குப் பெற்ற பொருள்’ என்று சுருங்கிற்று. இத்தொடரில் உள்ள காற்புள்ளி செய்திருக்கும் வேலை சிறிதன்று. ‘மீனுக்கும் உப்புக்கும் பெற்ற பொருள்’ என்று ஒருவர் படிக்கலாம். ‘மீனும், உப்புக்குப் பெற்ற பொருளும்’ என்று மற்றொருவர் படிக்கலாம். மாணவர் படிப்பது இரண்டாவதையே. இக்கட்டுரையாளரும் முதுகலை முடியும்வரை அவ்வாறே படித்திருந்தார். இவ்வாறு மீன் உணவாகிவிட, நெல் நெய்தலிலிருந்து விலகி மருதத்திற்கு மட்டுமே உரியதாயிற்று.

நொடை, மாறு, கொள்ளை

பாடல்கள் உரையாசிரியர் பக்கமே நிற்கின்றன. அகநானூற்றின் 60ஆம் பாடலில் குடவாயிற் கீரத்தனார் ஓர் உணவைக் காட்டுகிறார். திமிலில் தொழில்செய்து தங்கிய தந்தைக்குச் சிறுமகள் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அச்சோறு உப்பை விற்றுப் பெற்ற நெல்லினால் ஆனது. அதன்மேல் அயிலை மீன் இட்டுத் துழாவிய புளிக்குழம்பு. உடன் கொழுமீன் துண்டு. சோற்றுக்கு அடைமொழியாக வருவது அதன் சுவையன்று, அது வந்த வழி. மீனவர் வீட்டுச் சோற்றைப் பாடும் புலவர், அந்நெல் எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே செல்லவில்லை.

குறுந்தொகை 269இல் கல்லாடனார் காட்டும் வீடு இன்னும் தெளிவானது. சுறா எறிந்த புண் ஆறித் தந்தை மீண்டும் கடலுக்குப் போய்விட்டார். தாயோ உப்பை மாற்றி வெண்ணெல் கொண்டுவர உப்பு விளையும் கழனிக்குச் சென்றிருக்கிறாள். தலைவனைச் சந்திப்பதற்கு வாய்ப்பான வேளை இது என்பது அகப்பொருள் குறிப்பு. அக்குறிப்பு பொருள்பட வேண்டுமாயின், தந்தை கடலுக்குப் போவதும் தாய் நெல்லுக்குப் போவதும் கேட்போர் அறிந்த அன்றாட நிகழ்ச்சிகளாக இருந்திருத்தல் வேண்டும். வீட்டின் உணவில் பாதி ஆடவர் தொழில், மறுபாதி மகளிர் தொழில் என்பது இங்குப் பேசப்படாமலே நிற்கிறது. அம்மூவனாரின் பாடல்கள் இரண்டில் (அகம். 140, 390) உப்பு விற்பவள் இளம்பெண், நெல்லும் உப்பும் ஒத்த அளவு என்று கூவுகிறாள். புறநானூறு 343இல் பரணர் முசிறியில் காட்டும் காட்சி மீனை விற்றுக் குவித்த நெல்லில் தொடங்குகிறது. பட்டினப்பாலையில் உப்பின் விலை கூறி விற்று, நெல் ஏற்றிவந்த படகுகள் கழிகளில் கட்டப்பட்டிருக்கின்றன.

இவ்விடங்களில் பயின்றுவரும் சொற்களுள் ‘நொடை’ வழக்கொழிந்தது. ‘கொள்ளை’ என்பது விலை என்னும் பொருளை இழந்து வேறு பொருளில் நிலைத்தது. ‘மாறு’ மட்டும் மாத்து, மாத்துதல் என்னும் வடிவில் பேச்சில் தங்கியிருந்தது. கருவாட்டை நெல்லுக்கு மாத்துதல் என்று களத்தில் கேட்ட முதியோர் வழக்கைக் குறுந்தொகைச் சொல்லாட்சியிலிருந்து பிரித்துக் காண இயலவில்லை.

மறுதிசையிலும் சான்று உண்டு. ஐங்குறுநூற்று மருதப் பாடல்களில் ஓரம்போகியார் பாண்மகளை மனையோளின் வாயிலுக்குக் கொண்டுவருகிறார். அவள் வட்டியில் கெடிறு மீனைச் சொரிய, மனையோள் அவ்வட்டியில் அரிகாலில் விளைந்த பயற்றை நிறைத்து அனுப்புகிறாள் (ஐங். 47). அடுத்த பாடலில் வரால் மீனுக்கு ஓராண்டு பழகிய வெண்ணெல் கிடைக்கிறது (ஐங். 48). இவை நன்னீர் மீன்கள். பாண்மகள் பரதவர் மகளும் அல்லள். ஆயினும் அரிகால் என்னும் சொல் கருதத்தக்கது. நெல் அறுத்த தாளடியில் எஞ்சிய ஈரத்தைக்கொண்டு பயறு விளைவிக்கும் முறையை அது குறிக்கிறது. சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்னதாக, நிற்கும் பயிருக்கிடையே உளுந்தையும் பச்சைப்பயற்றையும் தெளித்து, பங்குனியில் பறித்தெடுக்கும் காவிரிப் படுகை உழவர் இன்றும் செய்வது அதுவே.

கழனி எனப்பட்ட உப்பளம்

குறுந்தொகைப் பாடல் உப்பளத்தைக் கழனி என்றதைக் கண்டோம். நற்றிணை 331இல் உலோச்சனார் உப்பு விளைப்போரை உழாத உழவர் என்று கூறுகிறார். இதனை அழகிய முரண்தொடராகப் பாராட்டி மேற்செல்வது வழக்கம். உப்பளத்தில் ஒருநாள் நின்று பார்த்தவர்க்கு இது முரணாகத் தோன்றாது. நிலத்தைச் சமன்செய்து, வரம்பு கட்டி, பாத்தி பிரித்து, நீர் பாய்ச்சி, காயவிட்டு, விளைந்ததை வாரிக் குவிக்கும் தொழில் அது. பாத்தி என்னும் சொல் கீரைக்கும் உப்புக்கும் பொது. உப்பு விளைகிறது என்கிறோமே தவிர, செய்யப்படுகிறது என்று உப்பளத்தில் எவரும் சொல்வதில்லை. அம்மூவனார் பாடலில் வெண்கல் எனப்பட்ட உப்பு கடைத்தெருவில் இன்றும் கல்லுப்புத்தான்.

ஆகவே நெய்தல், மருதம் என்னும் பிரிவு தொழில்நுட்பத்தில் அத்துணை ஆழமானதன்று. பட்டினப்பாலை இதனை ஒரே அடுக்கில் வைக்கிறது. காவிரியில் தொடங்கி வயல், கரும்பு, தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி என்று தோட்டப்பயிர்களைக் கடந்து, முற்றத்தில் உலரும் நெல்லைக் காட்டிய பிறகே கழியையும் படகுகளையும் அடைகிறது. அதே பாட்டில் பரதவர் உண்பன இரண்டு: கடலிறாலைச் சுட்டது, வயலாமையைப் புழுக்கியது. அவர் சூடும் பூக்களும் இரண்டு: வறண்ட மணலின் அடும்பு, நீரின் ஆம்பல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இணைகளை வெறும் ஓசைக்காக அமைத்தார் எனக் கொள்வதற்கில்லை. காவிரியின் கடைமுகத்தில் கடலுக்கும் வயலுக்கும் இடையே நடக்கும் தொலைவே இருந்தது.

வேதாரண்யம்: மணலும் சதுப்பும்

அவ்வகை நிலத்தை இன்றும் காணத்தக்க இடம் நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடி. கிழக்கே வங்கக்கடல், தெற்கே கோடியக்கரையில் திரும்பும் பாக் நீரிணை. கரையை ஒட்டி வடக்குத் தெற்காக மணல்மேடுகள்; அவற்றிற்கு மேற்கில் காவிரிக் கிளைகளின் கடைமடை வயல்கள்; தெற்கிலும் தென்மேற்கிலும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடுவரை நீளும் உவர்ச்சதுப்பு. ஊர்ப்பெயர்களே இதற்கு நிலப்படம். கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், தென்னம்புலம், குரவப்புலம் எனப் புலங்கள் ஒருபுறம். ஆற்காட்டுத்துறை, தோப்புத்துறை எனத் துறைகள் மறுபுறம். இடையில் கோடியக்காடு, வெள்ளப்பள்ளம். இவற்றுள் ஓர் ஊர் தனித்துக் கூறத்தக்கது. எழுத்தில் கடிநெல்வயல் என்றும் பேச்சில் கடினல்வயல் என்றும் வழங்கும் அவ்வூர் இன்று அறியப்படுவது உப்பளத்தால். அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் பகுதிகளில் ஏறத்தாழ 9,000 ஏக்கரில் உப்பு விளைவதாக நாளிதழ்கள் எழுதுகின்றன. நெல்லையும் வயலையும் பெயரில் தாங்கிய ஊர் உப்பால் அறியப்படுவது ஊர்ப்பெயராய்வாளர் கவனத்திற்கு உரியது.

மணல்மேட்டு வேளாண்மை மழையையும் மேலோட்டமாகத் தேங்கும் நன்னீரையும் நம்பியது. மணலைச் சிறிது தோண்டினால் நன்னீர் ஊறும். ஆழம் மிகுந்தால் உவரும். எனவே கிணற்றை ஆழப்படுத்தாமல், அகன்ற குழிகள் எடுத்துக் குடத்தால் மொண்டு ஊற்றிப் புகையிலை, சவுக்கு நாற்று முதலியவற்றை வளர்த்தனர். நச்சினார்க்கினியர் குறிப்பிட்ட மணற்கிணறு இலக்கிய அலங்காரம் அன்று என்பதற்கு இக்குழிகளே சான்று. மாவும் தென்னையும் முந்திரியும் நிலக்கடலையும் முல்லைப்பூவும் இம்மணலின் விளைவுகள். தாழ்ந்த வயல்களில் நெல். உவரைத் தாங்கும் குழியடிச்சான், வெள்ளத்தில் உயர்ந்து நிற்கும் காட்டுயானம் போன்ற பழைய நெல்வகைகள் கடைமடைக்கு ஏற்றவையாக இருந்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையின் உப்புநீர் வயல்களில் புகுந்தபின் உவர்தாங்கும் இந்நெல்வகைகளின் தேவை மீண்டும் உணரப்பட்டது.

இப்பகுதியின் ஆண்டுச் சுழற்சி ஆய்வுக்குரியது. நெல் மழையைக் கேட்கும். உப்பு வெயிலைக் கேட்கும். ஆவணி, புரட்டாசியில் விதைத்த சம்பா வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்து தை, மாசியில் அறுவடையாகிறது. மழை தொடங்கியதும் உப்பளம் ஓய்கிறது. தைக்குப் பின் பாத்திகள் மீண்டும் கட்டப்படுகின்றன. கோடியக்கரையின் மீன்பிடிப் பருவம் அக்டோபர் முதல் மார்ச் வரை. பிற மாவட்ட மீனவரும் அங்கு வந்து தங்கித் தொழில்செய்வர். மழைமாதங்களில் மீன் உண்டு, காயவைக்க வெயில் இல்லை. தை பிறந்து வெயில் ஏறும்போது கருவாடு காய்கிறது. அதே வாரங்களில் களத்தில் நெல் குவிகிறது. உப்பும் புதிதாக வரத்தொடங்குகிறது. மூன்று விளைச்சலும் சந்திக்கும் அச்சிறு காலப்பகுதியில்தான் மாற்று நடந்தது. கருவாட்டுக் கூடையுடன் புலத்து ஊர்களின் களங்களுக்குச் சென்ற மகளிர் காசைவிட நெல்லையே விரும்பியதற்குக் காரணம், நெல்லைக் குதிரில் போட்டுவைக்கலாம். கடல் கொந்தளித்துப் படகு இறங்காத கார்த்திகையில் அதுவே உணவு.

ஒரு வட்டில் சோறு

உள்ளூர் உணவுகளை இப்பின்னணியில் வைத்துப் படிக்கவேண்டும். புளியில் கூட்டிய மீன்குழம்பும் சோறும் அகநானூறு 60 காட்டிய அமைப்பிலேயே தொடர்கின்றன. அயிலை என்னும் பெயர் தென்கோடிக் கடற்கரையில் வழங்க, சோழமண்டலக் கரையில் அது கானாங்கெளுத்தி ஆயிற்று. சித்திரை, வைகாசியில் மணல்மேட்டு மாங்காய் குழம்பில் சேர்ந்து புளியின் அளவைக் குறைக்கிறது. நெத்திலியும் மாங்காயும் சேர்ந்த குழம்பு ஒரு மீன் உணவு எனப் பட்டியலிடப்படும். அதனை ஒரு தோட்ட உணவு என்று எழுதினாலும் தவறில்லை.

ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்நாட்களில் கருவாட்டுக் குழம்பு முன்னுக்கு வருகிறது. அதில் கருவாடு சிறிது. கத்தரிக்காய், முருங்கைக்காய், மொச்சை மிகுதி. மீன் இங்கே காய்க்குச் சுவையூட்டுவதாக நிற்கிறது. காயவைப்பதிலும் இருமுறைகள் உண்டு. நெத்திலி, காரல் போன்ற பொடிமீன்கள் உப்பின்றி நேரே வெயிலில் காய்கின்றன. பெரிய மீன்களைக் கீறி உப்பிட்டு வைத்த பின்னரே காயவைப்பர். நற்றிணை 45இல் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டும் பெண்ணும், சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து விருந்தினர்க்குக் கிடைக்கும் உலர்ந்த குழல்மீன் சூடும் இத்தொழிலின் பழமையைக் காட்டும். பழஞ்சோற்றுக் கஞ்சிக்குச் சுட்ட கருவாடு என்னும் காலை உணவைக் கடலோரத்தாரும் உழவரும் ஒருபடித்தாய் உண்டனர். வயலில் வேலைசெய்வோர்க்கு வியர்வையில் இழந்த உப்பை மீட்டுத் தந்ததும் அதுவே.

பேறுகாலத்து உணவு தனிக் கட்டுரைக்கு உரியது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை வேகவைத்து உதிர்த்து, பூண்டு, வெங்காயம் சேர்த்துச் செய்யும் புட்டு கடலோரத்தில் மட்டுமன்றிப் புலத்து ஊர்களிலும் கட்டாயமாகக் கருதப்படுகிறது. தன் தெருவில் கடல் இல்லாத ஒருத்தியின் பேறுகாலமும் கடலோர மகளிர் கொண்டுவரும் கூடையை எதிர்பார்த்திருந்தது.

குளமான வயல்

இம்மாற்று எப்போது முறிந்தது என்று ஒரே ஆண்டைச் சுட்ட இயலாது. உப்பின்மீது அரசு வைத்த உரிமை முதல் முறிவு. 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராஜாஜி தலைமையில் நடந்துவந்த தொண்டர்கள் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதை விடுதலைப் போராட்ட வரலாறு விரிவாகவே பதிந்துள்ளது. வீட்டு வாசலில் விளையும் பொருளை நெல்லுக்கு மாற்றிவந்த குடும்பங்களுக்கு அச்சட்டம் என்ன செய்தது என்பது தமிழ் இலக்கிய ஆய்வின் கேள்வியும்கூட. குறுந்தொகைத் தாய் அன்று வாழ்ந்திருந்தால் குற்றவாளி ஆகியிருப்பாள். பின்னர் கூலி காசாயிற்று, அரிசி நியாயவிலைக் கடைக்கு வந்தது, மீன் ஐஸ் பெட்டியில் ஏறித் தொலைநகர் போயிற்று. ஒவ்வொன்றும் நன்மையும் தந்தது. பட்டினி குறைந்ததை முதிய மகளிரே முதலில் சொல்கின்றனர். பழைய மாற்றை ஏக்கத்தோடு போற்றும் கட்டுரைகள் இதனை மறந்துவிடுகின்றன.

இறால் பண்ணைகளின் கதை வேறு. கடலோர நெல்வயல்களும் சதுப்புகளும் குளங்களாக வெட்டப்பட்டு உவர்நீர் நிரப்பப்பட்டன. அண்டை வயலும் குடிநீரும் உவராவதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பண்ணைகள் முற்றிலும் மறையவில்லை. பட்டினப்பாலையின் பரதவர் கடலிறாலைச் சுட்டும் வயலாமையைப் புழுக்கியும் உண்டனர். இன்று வயல் இருந்த இடத்தில் இறால் வளர்கிறது, அதனை அவ்வூரார் உண்பது அரிது. திணைமயக்கம் என்னும் இலக்கணச் சொல்லை இந்நிலைக்கு ஆள்வது பொருந்தாது. மயங்குவதற்கு இரு நிலமும் இருக்கவேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரைகடந்த கஜா புயல் மணல்மேட்டு மாவையும் தென்னையையும் முந்திரியையும் வீழ்த்தியது. உப்பளங்களில் சேறு படிந்தது. அதன்பின் மரங்கள் மீண்டும் நடப்பட்டன. சொற்களுக்கு அவ்வாறு மறுநடவு இல்லை. களத்தில் கருவாட்டை அளக்காமல் கூறு வைத்து, நெல்லை மட்டும் மரக்காலால் அளந்த முறை, அறுவடை பொய்த்த ஆண்டில் கடன் சொல்லிக் கொடுத்த வழக்கம், வாடிக்கை வீட்டாரைக் கூடைக்காரிகள் அழைத்த உறவுப்பெயர்கள் ஆகியவை எழுபது வயதைக் கடந்த சிலரிடம் மட்டுமே உள்ளன. மீன்பெயர் அகராதிகள் நம்மிடம் உண்டு. நெல்வகைப் பட்டியல்களும் உண்டு. இவ்விரண்டிற்கும் நடுவே பயின்ற சொற்களுக்குத் தொகுப்பு இல்லாமைக்கு, நெய்தல் வேறு மருதம் வேறு என்று நாம் பாடம் நடத்திய முறையும் ஒரு காரணம்.

திருத்திய வினாநிரலில் முதல் வினா மாற்றப்பட்டுள்ளது. எந்த மீனைச் சமைத்தீர்கள் என்பது ஏழாவதாகச் சென்றுவிட்டது. அரிசி எந்த ஊரிலிருந்து, யார் மூலமாக, எதற்கு ஈடாக வந்தது என்பது முதலில் நிற்கிறது.